கடலின் கணக்கேடு யார் கையில்?

(சங்கரன்கோவிலில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடல். கடலை நம்பி நடக்கும் பொருளாதாரத்தை யார் அளக்கிறார்கள், யார் கண்காணிக்கிறார்கள், சர்க்கார் அதற்குச் செய்யும் உதவி யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதைப் பார்க்கப் போகிறோம்.

சங்கரன்கோவிலில் கடல் இல்லை. தூத்துக்குடிக் கரைக்குப் போக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். மில்லிலும் விசைத்தறியிலும் வேலை செய்கிறவர்களுக்கும், மிளகாய்க் காட்டிலும் பூந்தோட்டத்திலும் கூலிக்குப் போகிறவர்களுக்கும் கடலோடு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போவோம்.

மில்லுக்கு வரும் வெளிநாட்டுப் பஞ்சு கப்பலில் வருகிறது. நூலும் துணியும் வெளிநாட்டுக்குக் கப்பலில் போகின்றன. வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுவதும் கப்பலில்தான் இந்தியாவுக்கு வருகிறது. தூத்துக்குடித் துறைமுகம் மட்டும் ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாளுகிறது. நம் தேசத்தின் வெளிநாட்டு வர்த்தகத்தில், எடைக் கணக்கில் பார்த்தால், 100க்கு 95 பங்கு கடல் வழியாகத்தான் நடக்கிறது.

2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பயணம் பத்து நாட்களுக்கு மேல் நீண்டது. சரக்குக் கட்டணம் ஏறியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டது. அந்த ஒரே உத்தரவு திருப்பூர்ப் பனியனையும் தாக்கியது, தூத்துக்குடி இறாலையும் தாக்கியது. மில் தொழிலாளியையும் மீன் தொழிலாளியையும் ஒரே நாளில் ஒரே அடி அடித்தது.

மழையும் கடலிலிருந்துதான் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரவருணி கரை கடந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி நான்கு ஜில்லாக்களும் தவித்தன. எச்சரிக்கை போதுமான அளவு வந்ததா என்று மாநில சர்க்காரும் மத்திய வானிலை இலாகாவும் பிறகு வாக்குவாதம் செய்தன. வெள்ளத்தில் வீடு இழந்தவனுக்கு அந்த வாக்குவாதத்தால் ஓர் ஓலைக் கீற்றுகூடக் கிடைக்கவில்லை.

நம் கஞ்சிக்குக் கருவாடும் உப்பும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆகவே தோழர்களே, கடல் நமக்குத் தூரத்துச் சொந்தமல்ல.

புதிய பெயர், பழைய கேள்வி

சில ஆண்டுகளாக 'நீலப் பொருளாதாரம்' என்ற பேச்சு அடிபடுகிறது. மீன்பிடிப்பு, துறைமுகம், கப்பல், உப்பு, கடலடி எண்ணெய், கனிமம், கடலோர உல்லாசப் பயணம் எல்லாவற்றையும் சேர்த்து இந்தப் பெயரால் அழைக்கிறார்கள். மத்திய சர்க்கார் 2020, 2021இல் இதற்கு ஒரு கொள்கை நகலைத் தயாரித்து வெளியிட்டது. தேசத்தின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 4 சதவீதம் இந்தக் கடல் பொருளாதாரத்திலிருந்து வருவதாக அது மதிப்பிட்டது.

சொத்து சாதாரணமானதல்ல. 1976இல் பார்லிமெண்ட் இயற்றிய சட்டப்படி கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உள்ள வளம் நம் தேசத்துக்கு உரியது. அதன் பரப்பு 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். நிலமாக இருந்தால் அது பல ராஜ்யங்களுக்குச் சமம். இவ்வளவு பெரிய பொதுச் சொத்தை எப்படி நிர்வகிப்பது?

அந்தக் கொள்கை நகலில் ஏழு தலைப்புகள் இருக்கின்றன. முதல் தலைப்பே கணக்குத்தான். கடல் பொருளாதாரத்துக்குத் தேசிய அளவில் ஒரு கணக்கு முறை வேண்டும் என்று அது சொல்லுகிறது. கணக்கு வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தக் கணக்கேட்டில் எந்தெந்தப் பத்தி இருக்கும், யார் எழுதுவார்கள், யார் படிப்பார்கள் என்பதே நம் கேள்வி.

மரக்காலும் ஐந்தொகையும்

கணக்கு என்பது பெரிய படிப்பு படித்தவர்கள் விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்கின் சூட்சுமம் உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

களத்து மேட்டில் நெல் அம்பாரம் கிடக்கும். அறுத்தவன் நிற்பான், அடித்தவன் நிற்பான், தூற்றியவள் நிற்பாள். மரக்கால் மட்டும் பண்ணையின் ஆள் கையில் இருக்கும். பண்ணைக்கு அளக்கும்போது மரக்கால் கோபுரமாக நிற்கும். கூலிக்கு அளக்கும்போது தலைதட்டி விழும். நெல்லும் ஒன்றே, மரக்காலும் ஒன்றே. அளக்கும் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

மில்லிலும் இதே கதைதான். ஆண்டு முழுவதும் கதிர் ஓடும், நூல் விற்கும். போனஸ் கேட்டால் ஐந்தொகையைக் காட்டி நஷ்டம் என்பார்கள். 1950இல் தொழிலாளர் அப்பீல் டிரிப்யூனல் போனசுக்கு ஒரு சூத்திரம் வகுத்தது. அதன்படி மொத்த லாபத்தில் முதலில் இயந்திரத்தின் தேய்மானத்தைக் கழிக்க வேண்டும், புதுப்பிக்க ஒதுக்க வேண்டும், முதலுக்கு வட்டி போல ஒரு தொகை ஒதுக்க வேண்டும். மிச்சம் இருந்தால்தான் தொழிலாளிக்குப் பங்கு. மிச்சம் இருப்பது அபூர்வம். 1965இல் சட்டம் வந்த பிறகுதான், லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறைந்தபட்சம் 4 சதவீதம் என்று ஆயிற்று. பின்னர் அது 8.33 சதவீதமாக உயர்ந்தது. அந்த வரியைக் கணக்கேட்டில் எழுதவைத்தது தொழிலாளர்களின் போராட்டம்.

இங்கே ஒரு வார்த்தையைக் குறித்துக்கொள்ளுங்கள்: தேய்மானம். இயந்திரம் தேய்கிறது என்பதற்காக முதலாளி கணக்கில் தொகை எழுதிக்கொள்கிறார். கடலும் தேய்கிறதே, அதற்கு யார் எழுதுகிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம்.

எண்ணுகிறவர்களுக்கு நம் வணக்கம்

கடலை எண்ணும் வேலை நம் கரையிலேயே தொடங்கியது. 1947 பிப்ரவரியில், சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1971இல் அதன் தலைமையகம் ராமநாதபுரம் ஜில்லா மண்டபத்திலிருந்து கொச்சிக்குப் போயிற்று. இந்தியக் கரை முழுவதும் பிடிபடும் மீனை ஒன்று விடாமல் நிறுக்க முடியாது அல்லவா? ஆகவே குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட மீன் இறங்கு தளங்களுக்கு ஆட்கள் போகிறார்கள். எத்தனை படகு வந்தது என்று எண்ணுகிறார்கள். சில படகுகளின் மீனை இனம் பிரித்து அளக்கிறார்கள். அதிலிருந்து மொத்தத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதைப் போன்ற விஞ்ஞானம்தான்.

அந்தக் கணக்குப்படி 2023இல் இந்தியக் கரையில் இறங்கிய மீன் சுமார் 35 லட்சம் டன். 2024இல் அது 34.7 லட்சம் டன்னாகக் குறைந்தது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 6.79 லட்சம் டன். குஜராத்துக்கு அடுத்தபடி இரண்டாவது இடம்.

ஹைதராபாத்தில் 1999இல் ஏற்பட்ட கடல் தகவல் சேவை மையம் இன்னொரு நல்ல வேலையைச் செய்கிறது. செயற்கைக் கோளிலிருந்து கடல் நீரின் சூட்டையும் நிறத்தையும் பார்த்து, மீன் கூடும் இடத்தைக் கண்டுபிடித்து மீனவர்களுக்குச் சொல்லுகிறது. அலைந்து தேடும் டீசல் மிச்சமாகிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள். அன்று நமக்கு எச்சரிக்கை நிலையம் இல்லை. 2007இல் அதே மையத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது.

பொதுப் பணத்தில் படித்து, பொதுப் பணத்தில் கருவி செய்து, பொது ஜனங்களுக்காகக் கடலைக் காவல் காக்கும் அந்த விஞ்ஞானிகளும் சிற்றூழியர்களும் நம் மரியாதைக்கு உரியவர்கள்.

கணக்கில் விழாதவர்கள்

ஆனால் டன் கணக்கு ஆள் கணக்கு ஆகாது. 6.79 லட்சம் டன் என்று எழுதுகிறோம். அதைப் பிடித்தவனுக்கு என்ன கிடைத்தது?

விசைப்படகு கரைக்கு வந்தால் மீன் ஏலம் போகிறது. அந்தப் பணத்தில் முதலில் டீசல் செலவு, ஐஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு கழிகிறது. மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு. அதற்குப் பிறகுதான் ஆட்களின் பங்கு. மீன் படாத நாளில் உழைப்பு உண்டு, பங்கு இல்லை. முன்பணம் வாங்கியவன் அடுத்த படகுக்கு மாறவும் முடியாது. பண்ணையாள் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மீனைக் கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்கும் பெண்களும், கருவாடு காயவைக்கும் பெண்களும், மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்க இடுப்பளவு, கழுத்தளவு நீரில் இறங்கும் பெண்களும் இருக்கிறார்கள். உப்பளத்தில் வெயிலில் கண் கூச, கால் வெடிக்க உப்பு வாரும் பெண்களும் இருக்கிறார்கள். ஏற்றுமதிப் புள்ளியில் இறாலின் விலை தெரிகிறது. அதைத் தோலுரித்த விரல்கள் தெரிவதில்லை.

2024-25இல் இந்தியா 62,000 கோடி ரூபாய்க்கு மேல் கடல் உணவு ஏற்றுமதி செய்தது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. மீன் பெருகட்டும் என்பதற்கான தடை அது, நியாயமான தடை. ஆனால் அந்த 61 நாளும் அடுப்பு எரிய வேண்டுமே! தடைக்கால நிவாரணத்தைக் குடும்பத்துக்கு 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023இல் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. ஒரு நாளைக்கு 131 ரூபாய்! தேசத்துக்காகக் கடலுக்கு ஓய்வு கொடுக்கிறவனுக்குத் தேசம் கொடுக்கும் கூலி இது.

2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் வீசியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டன. கரையில் கொடுத்த எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பவில்லை. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று சரியான எண்ணிக்கையைச் சொல்லவே நாட்கள் பிடித்தன. ஊர் ஊராகக் கணக்கெடுத்தது அந்த ஊர் மக்களே! மீனுக்குக் கணக்கு இருந்தது, மீனவனுக்குக் கணக்கு இல்லை. பிறகுதான் ஆழ்கடலிலும் தகவல் பெறும் கருவி 2019இல் வந்தது. ஒரு லட்சம் படகுகளுக்குச் செய்திக் கருவி பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. விஞ்ஞானம் கையில் இருந்தும் ஏழையின் படகுக்கு வர இத்தனை ஆண்டு ஆயிற்று.

தேய்ந்த கடலின் கதை

இப்போது தேய்மானத்துக்கு வருவோம்.

தூத்துக்குடிக்குப் பெயர் கொடுத்தது முத்து. வெள்ளைக்காரன் சர்க்கார் சிப்பிப் பாறைகளைச் சோதித்துப் பார்த்து, முத்துக் குளிப்புக்கு நாள் குறிக்கும். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மூச்சடக்கிக் கடலடிக்கு இறங்கியவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. கண்காணிப்பு பலமாகத்தான் இருந்தது. யாருக்காகக் கண்காணித்தார்கள் என்பது அந்தப் பங்கிலேயே தெரிகிறது. 1961இல் நடந்த முத்துக் குளிப்பே கடைசி. அதற்குப் பிறகு நடக்கவில்லை.

இன்னொன்று நம் காலத்தில் நடந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கரைகளின் மணலில் கார்னெட், இல்மனைட், ரூட்டைல், சிர்கான் என்ற தாதுக்கள் இருக்கின்றன. மோனசைட்டும் இருக்கிறது, அதில் அணுசக்திக்கு உதவும் தோரியம் உண்டு. இந்த மணலைத் தனியார் அள்ளி ஏற்றுமதி செய்தார்கள். 2013 ஆகஸ்டில் தூத்துக்குடி ஜில்லாவிலும், செப்டம்பரில் மற்ற இடங்களிலும் மாநில சர்க்கார் தடை போட்டது. 2025 பிப்ரவரி 17இல் சென்னை உயர் நீதிமன்றம், இந்த முறைகேடுகளை சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும், அதிகாரிகளின் பங்கையும் விசாரிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 5,832 கோடி ரூபாயை வசூலிக்க சர்க்கார் எடுத்த நடவடிக்கையையும் ஒப்புக்கொண்டது.

இந்த 5,832 கோடி ரூபாய் மணல் ஒரே இரவில் போகவில்லை. லாரி லாரியாகப் போயிற்று. கப்பல் கப்பலாகப் போயிற்று. இலாகாக்கள் இருந்தன, அனுமதிச் சீட்டுகள் இருந்தன, கையெழுத்துகள் இருந்தன. கரையில் குடியிருந்தவன் பார்த்துச் சொன்னான். அவன் சொல்லை எழுதக் கணக்கேட்டில் பத்தி இல்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. கனடாவில் நியூபவுண்ட்லாந்து என்ற தீவு. காட் என்ற மீன் அங்கே சில நூற்றாண்டுகளாக ஜீவாதாரம். பெரிய இழுவைக் கப்பல்கள் கொண்டுவந்த மீனை வைத்துக் கடலில் மீன் ஏராளம் என்று கணக்குப் போட்டார்கள். கரையோரத்தில் சிறு படகில் போனவர்களோ, மீன் குறைகிறது, சிறுத்துவிட்டது என்று 1980களிலேயே சொன்னார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே சர்க்கார் நிறுத்த வேண்டியதாயிற்று. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். தடை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. கணக்கு தப்பாகப் போனால் தண்டனை யாருக்கு என்பதைப் பாருங்கள். கப்பல் கம்பெனி வேறு கடலுக்குப் போகும். கூலிக்காரன் எங்கே போவான்?

இனி அள்ளப் போவது

அடுத்த கட்டம் ஆழ்கடல். 2021 ஜூனில் 4,077 கோடி ரூபாய் செலவில் ஆழ்கடல் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் ஒப்புதல் கொடுத்தது. சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிலையம், மூன்று பேர் 6,000 மீட்டர் ஆழம் வரை இறங்கும் வாகனத்தை உருவாக்கும் பணியில் இறங்கியது. நடு இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் தாது உருண்டைகளை ஆராய நமக்கு உரிமை கிடைத்திருக்கிறது. அவற்றில் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு இருக்கின்றன. எல்லா நாட்டு எல்லைக்கும் அப்பால் உள்ள கடலடி மனித குலத்தின் பொதுச் சொத்து என்று 1982 கடல் சட்ட உடன்பாடு சொல்லுகிறது. நம் விஞ்ஞானம் அங்கே போவது பெருமைதான்.

ஆனால் எல்லைக்கு உட்பட்ட கடலடி? 2023இல் சட்டம் திருத்தப்பட்டது. 2024 நவம்பரில் கேரளம், குஜராத், பெரிய நிக்கோபார் கடல்களில் 13 கனிமப் பகுதிகள் ஏலத்துக்கு அறிவிக்கப்பட்டன. கொல்லம் கடலின் மணலும் அதில் அடக்கம். 2025 பிப்ரவரி 27இல் கேரள மீனவர்கள் கடற்கரை ஹர்த்தால் நடத்தினார்கள். மணலை அள்ளினால் அந்த மணலில் முட்டையிடும் மீன் என்ன ஆகும் என்று கேட்டார்கள். ஏலத் தொகை வரவுப் பக்கத்தில் ஏறும். போகும் மீன் எந்தப் பக்கத்தில் ஏறும்?

இயற்கையின் தேய்மானத்தையும் தேசக் கணக்கில் எழுத ஒரு முறையை ஐ.நா.வின் புள்ளிவிவரக் கமிஷன் 2021 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. முறை இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. எழுதும் மனம் வேண்டும். எழுதவைக்கும் பலம் வேண்டும்.

நாம் கேட்பது

நாம் கேட்பது நான்கே காரியங்கள்.

முதலாவது, டன்னும் கோடியும் எழுதும் அதே ஏட்டில் கூலியும் எழுதப்பட வேண்டும். படகுத் தொழிலாளி, துறைமுகக் கூலி, உப்பளத் தொழிலாளி, மீன் விற்கும் பெண், பாசி எடுக்கும் பெண் - இவர்களுக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலை, என்ன வருமானம், கடலில் எத்தனை உயிர் போயிற்று என்பது ஆண்டுதோறும் வெளிவர வேண்டும்.

இரண்டாவது, மீனுக்கும் மணலுக்கும் பவளப் பாறைக்கும் தேய்மானம் எழுத வேண்டும். இயந்திரத்துக்கு உள்ள மரியாதை கடலுக்கும் வேண்டும்.

மூன்றாவது, கணக்கு தமிழில் இருக்க வேண்டும். கடலோரக் கிராம சபைகளில் அதை உரக்கப் படிக்க வேண்டும். கரையில் இருப்பவன் 'இது பொய்' என்று சொன்னால் அதை எழுதிக்கொள்ள ஒரு பத்தி இருக்க வேண்டும்.

நான்காவது, உதவி கணக்கின்படி போக வேண்டும். யாருடைய பங்கு குறைவோ அவருக்கு முதல் உதவி. தடைக்கால நிவாரணம் குறைந்தபட்சக் கூலிக்குச் சமமாக வேண்டும்.

இவற்றை மீனவர்களே கேட்டுக்கொள்ளட்டும் என்று நாம் இருக்கலாமா? நம் ஜில்லாவின் பழைய சரித்திரம் வேறு வழி சொல்லுகிறது. 1906இல் வ.உ.சி. 25 ரூபாய்ப் பங்குகளாகப் பணம் திரட்டி சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கி அதை நசுக்கப் பார்த்தது. அதே வ.உ.சி.தான் 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் முன் நின்றார். ஊர் ஜனங்கள் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. சில நாட்களில் அவரைச் சிறையில் அடைத்தார்கள். கப்பலும் மில்லும் ஒரே பிரச்னையின் இரண்டு முகம் என்று நூறு ஆண்டுக்கு முன்பே அந்த மனிதர் கண்டுகொண்டார்.

ஆகவே, ஒவ்வொரு மில் சங்கத்திலும், ஒவ்வொரு கிராமத்து விவசாயத் தொழிலாளர் சங்கத்திலும் இந்த நான்கு கோரிக்கைகளையும் விவாதித்துத் தீர்மானம் போடுங்கள். தூத்துக்குடிக்கும் கன்னியாகுமரிக்கும் அந்தத் தீர்மானங்களை அனுப்புங்கள். மீன் தொழிலாளர்கள் நம் ஊருக்கு வந்து பேசட்டும்; நம் பிரதிநிதிகள் அவர்கள் கரைக்குப் போய்ப் பேசட்டும்.

களத்து மேட்டில் மரக்காலைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் ஒரு நாள் 'சரியாக அள' என்று குரல் கொடுத்தார்கள். அன்றுதான் தலைதட்டுவது நின்றது. கடல் நம் எல்லோருக்கும் உள்ள களம். அங்கேயும் அந்தக் குரல் வேண்டும்.